காப்பதும் ஊட்டுவதும்

துறவைப் பற்றி எழுதிய நம் கவிஞர்களுக்கும் உரைகாரர்களுக்கும் அடுப்பைப் பற்றி எழுத நேரம் இருந்ததில்லை. வீட்டை விட்டுப் போனவர்கள் அடுத்த வேளை எங்கே சாப்பிட்டார்கள் என்பது ஏதோ கேட்கக்கூடாத கேள்வி போல ஒதுங்கியே நிற்கிறது. கல்வெட்டுகளுக்கு இந்தக் கூச்சம் கிடையாது. நெல், நெய், பொன், நிலத்தின் நான்கெல்லை, இவற்றை விட்டால் அவற்றுக்கு வேறு அக்கறை இல்லை. அதனாலேயே இலக்கியம் விட்டுவிட்ட சில விஷயங்கள் அவற்றில் தப்பிக் கிடக்கின்றன.

வந்தவாசி வட்டாரத்தில் வேடல் என்று ஓர் ஊர். கல்வெட்டில் அதன் பெயர் விடால். மாதேவி அரந்திமங்கலம் என்று இன்னொரு பெயரும் அதற்கு உண்டு. சிங்கபுர நாட்டைச் சேர்ந்தது. அங்கே குன்றில் இயற்கையாக அமைந்த குகை. முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏறக்குறைய கி.பி. 885, என்று ஆராய்ச்சியாளர்கள் கணித்திருக்கிற ஒரு கல்வெட்டு அங்கே இருக்கிறது. குணகீர்த்தி படாரரின் மாணாக்கி கனகவீரக் குரத்தியார் என்கிற சமணப் பெண் துறவியைப் பற்றியது அது. பள்ளியிலிருந்த 500 ஆண் மாணாக்கர்களுக்கும் 400 பெண் துறவியருக்கும் இடையே பிணக்கு. முடிவில் அவ்வூரைச் சேர்ந்த இல்லறத்தார், குரத்தியாரின் வழி வந்த அடியார்கள், அவரையும் அவருடைய மாணாக்கியரையும் தாங்கள் காப்பதாகவும் ஊட்டுவதாகவும் உறுதி கொடுக்கிறார்கள். பொதுவாக ஏற்கப்பட்டிருக்கும் வாசிப்பு இது. பி.பி. தேசாய் தென்னிந்தியச் சமணத்தைப் பற்றி 1957இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகவே எடுத்துப் பேசுகிறார்.

போய்ப் பார்த்தால் அங்கே பார்க்க அதிகம் இல்லை. பாறை, குகை, எழுத்து. 900 பேர் இருந்து சண்டை போட்டுக்கொண்ட இடம் என்று யாராவது சொன்னால்தான் உண்டு. குகைக்கு ஊர் வழக்கில் வந்துவிட்ட பெயர் ஆண்டார் மடம். குரத்தியார் குடியிருந்த இடம் பெயரளவில்கூட ஆண்களுடையதாகி, சமயமும் மாறிவிட்டது.

குரத்தி என்கிற சொல்லையும் இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். குரவர் என்பதன் பெண்பால் அது. ஆசிரியை, குரு, பெண்துறவியரின் தலைவி. கழுகுமலைப் பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் சமணத் திருமேனிகளின் அடியில், எட்டு ஒன்பதாம் நூற்றாண்டு எழுத்தில், பல குரத்தியரின் பெயர்கள் இருக்கின்றன. சங்கக் குரத்தி, மிழலூர்க் குரத்தி, திருச்சாரணத்துக் குரத்தி என்று அவரவர் இடத்தோடு சேர்த்து. இத்தனை குரத்தியர் நடமாடிய மொழியில் இன்று இந்தச் சொல்லை எழுதிக் காட்டினால் அச்சுக்கோப்பவர் பிழை என்று எண்ணி வல்லின றகரத்தைப் போட்டுத் திருத்தி அனுப்புவார். குருவாக இருந்த பெண்ணுக்கு நம்மிடம் சொல் இல்லாமல் போயிற்று. குருவின் பெண்டாட்டிக்கு மட்டும் சொல் இருக்கிறது, குருபத்தினி என்று.

நான் இருப்பது கள்ளிக்குப்பத்தில். அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போகிற வழி. ஏரிக்கு அப்பால் புழலில் ஆதிநாதர் கோயில் இருக்கிறது. இன்று அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் வடக்கேயிருந்து வந்து சென்னையில் வியாபாரம் செய்கிற சமணர்கள். தமிழ்ச் சமணம் வந்தவாசி, திண்டிவனம், செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் நயினார் குடும்பங்களோடு ஒதுங்கியிருக்கிறது. மேல்சித்தாமூரில் மடம் உண்டு. பொன்னூர் மலைக்கு இன்றும் ஆட்கள் போகிறார்கள். ஆக இது முழுக்கச் செத்துப்போன விஷயமல்ல. குரத்தியரின் பள்ளிதான் சிதைந்தது.

இலக்கியம் இதை எப்படிக் கையாண்டது என்று பார்க்கலாம். கவுந்தி அடிகள் தனியாக இருக்கிறார். காவிரிப்பூம்பட்டினத்துக்கு வெளியே ஒரு பள்ளியில் இருந்தவர், கோவலன் கண்ணகியோடு மதுரைக்குப் புறப்பட்டுவிடுகிறார். அங்கே கண்ணகியை மாதரி என்னும் இடைச்சியிடம் ஒப்படைக்கிறார். அந்தக் காதைக்குப் பெயரே அடைக்கலக் காதை. கொலைச் செய்தி கேட்டதும் உண்ணாமலிருந்து உயிர் விடுகிறார். காப்பதும் ஊட்டுவதும் இங்கேயும் இருக்கின்றன, கவனியுங்கள். துறவியால் கண்ணகிக்குப் புகலிடம் தேடித் தரத்தான் முடிகிறது. தருவதற்கு அவரிடம் சொந்தமாக ஓர் இடமில்லை. இடமும் அடுப்பும் மாதரியுடையவை.

சாத்தனாருக்குப் பிரச்னை இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அவருடைய கதாநாயகி பிச்சை ஏற்கப் போகிறவள் மட்டுமல்ல, ஊருக்குச் சோறு போடுகிறவள். துறந்த பெண் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டு, அதற்கு விடையாக அமுதசுரபியைக் கொடுத்துவிட்டார். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றிவிடுகிறது அது. அற்புதமான கற்பனைதான். ஆனால் அற்புதம் தேவைப்பட்டது என்பதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. வேடலின் 400 பேருக்கு அப்படி ஒரு பாத்திரம் வாய்க்கவில்லை. சமணத் துறவிக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை உணவு என்றே வைத்துக்கொண்டாலும் அது நாள்தோறும் 400 பேருக்கான உணவு. அவர்கள் ஊரோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

நீலகேசியோ வாதம் செய்துகொண்டே ஊர் ஊராகப் போகிறாள். முதலில் குண்டலகேசியை வெல்கிறாள், பிறகு ஆண்களை. மூவரையும் சேர்த்துப் பார்த்தால், நம் காப்பியங்களில் துறந்த பெண் எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறாள். அவள் தங்குகிற இடம், அந்த இடம் யாருடையது, கூரை ஒழுகினால் யார் மாற்றுவது, இதெல்லாம் காப்பியத்துக்கு வெளியே. நடக்கிற பெண்ணை நமக்குப் பிடிக்கிறது. உட்கார்ந்துவிட்ட பெண்தான் சங்கடம். நவீன நாவலாசிரியர்களும் இந்த இடத்தில் இளங்கோவைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

இது நம்முடைய தனி வியாதி என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் ஆங்கர்விக் என்று ஓர் இடம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பக்கத்து நிலப்பிரபுவின் குடும்பம் அங்கே பெனடிக்ட் சபைப் பெண்துறவியருக்குச் சிறிய கன்னிமடம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தது. எட்டாம் ஹென்றியின் காலத்தில், ஆண்டு வருமானம் 200 பவுனுக்குக் கீழே உள்ள மடங்களைக் கலைக்கும் சட்டம் 1536இல் வந்தது. மடம் கலைந்தது. நிலம் அரசன் கைக்கும் அங்கிருந்து வேண்டியவர்கள் கைக்கும் போயிற்று. 1550களில் சர் தாமஸ் ஸ்மித் என்கிற ராஜதந்திரி அங்கே தனக்கு மாளிகை கட்டிக்கொண்டார். இப்போது அந்த மாளிகையும் இல்லை. மடத்தின் சுவரில் ஒரு துண்டும், மடத்துக்கும் முந்தைய ஒரு பெரிய யூ மரமும் மிச்சம்.

ஆங்கர்விக்கின் எதிர்க்கரை ரன்னிமீட். 1215இல் ஜான் மன்னனை மடக்கி மாக்னா கார்ட்டாவில் முத்திரை வாங்கிய புல்வெளி. சுதந்திரத்தின் சாசனம் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த அந்தப் பத்திரத்தில் விதவைகளைப் பற்றியும் பிரிவுகள் உண்டு. கணவன் இறந்தபின் அவள் அவனுடைய வீட்டில் 40 நாள் இருக்கலாம். அதற்குள் அவளுக்குரிய பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். அவளை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. நாற்பத்தோராம் நாள் அவள் எங்கே போவாள் என்பதற்குப் பல குடும்பங்கள் வைத்திருந்த விடைகளில் ஒன்று கன்னிமடம். அக்கரையில் சாசனம், இக்கரையில் மடம். நடுவே ஓடுவது என்னவோ ஒரே நதிதான்.

மடத்தை ஒட்டி எப்போதும் ஒரு மாளிகை இருக்கிறது என்பதே என் எண்ணம். கண்ணுக்குத் தெரிகிற மாளிகையாக இருக்க வேண்டியதில்லை. நிலம் கொடுத்தவன், நெல் அளந்தவன், வேலி போட்டவன். ஊட்டுகிறவனின் வீடு. இரண்டு வீடுகளுக்கும் பொதுச்சுவர் இருக்கிறது. சுவர் யாருடையது என்று எழுதிவைக்காத வரையில் அது மாளிகையின் சுவர்தான்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது. எங்கள் தாத்தாவுக்குக் கள்ளிக்குப்பத்தில் கொஞ்சம் நஞ்சையும் வீட்டுமனையும் இருந்தன. அப்பா 1991இல் இறந்தார். 1993இல் பாகப்பிரிவினை. அண்ணன், நான், எங்களுக்கு மூத்தவளான அக்கா. அக்கா பள்ளிக்கூட ஆசிரியை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பத்திரம் எழுதுகிறவர் வழக்கப்படி இரண்டு ஷெட்யூல் போட்டு, அதற்குக் கீழே அக்காவுக்கு என்று ஒரு வாசகம் எழுதி வந்திருந்தார். விவாகமாகாத சகோதரியை இரு சகோதரர்களும் அவர் ஆயுள் பரியந்தம் அன்ன வஸ்திரம் கொடுத்துக் காப்பாற்றி வரவேண்டியது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறிகள்.

அக்கா முழுதும் படித்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி, விரலை வரிக்கு வரி நகர்த்தி. பிறகு கேட்டாள்:

‘எனக்குச் சோறு போடறத எதுக்குப் பத்திரத்துல எழுதணும்? நான் மாசாமாசம் சம்பளம் வாங்கறேன். அந்த வரிய அடிச்சிட்டு மூணாவது ஷெட்யூல் போடச் சொல்லு.’

அண்ணன் கோபக்காரன் இல்லை. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. ‘கல்யாணம் ஆகாதவளுக்குத் தனி வீடு எதுக்கு? நாங்க உன்ன விட்டுடுவமா?’ என்றான்.

‘கல்யாணம் ஆகாததாலதான்டா’ என்றாள் அக்கா.

சட்டப்படி அது அட்சரசுத்தமான பதில். தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தது. பூர்விகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே மணமாகிப் போய்விட்ட பெண்களுக்கு இல்லை. மத்தியச் சட்டம் 2005இல் திருத்தப்பட்டபோதுதான் அந்த வேலி போயிற்று. ஆக, ஊர் எதை அவளுடைய குறையாகக் கருதியதோ அதுவே அவளுடைய பாத்தியதை ஆயிற்று. அக்காவுக்கு இதைச் சொன்னது வக்கீல் அல்ல, அவளுடைய பள்ளியின் ஆசிரியைகள் அறை. பெண்கள் கூடி உட்காருகிற இடங்களில் என்ன பேசிக்கொள்வார்கள் என்கிற ஆண்களின் ஊகங்களில் இது ஒருபோதும் இருந்ததில்லை.

மூன்று ஷெட்யூல் போட்டுப் பத்திரம் பதிவாயிற்று. வீட்டின் மேற்குப் பகுதி அக்காவுக்கு. கிணறு பொது. நடுச்சுவர் பொது. அவள் முதலில் போட்டுக்கொண்டது தனி அடுப்பு. பிறகு அவளோடு வேலை பார்த்த ஒருத்தி வந்து சேர்ந்தாள், எஸ்டேட்டில் வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள் வாடகைக்கு வந்தார்கள், அவர்கள் போய் வேறு பெண்கள் வந்தார்கள். தண்ணீர் இறைப்பதில், கதவு சாத்துகிற நேரத்தில், அவர்களுக்குள்ளும் சண்டை உண்டு. தெருவில் அந்த வீட்டுக்கு டீச்சரம்மா மடம் என்று பெயர் வைத்தார்கள். கேலிதான். முப்பது வருஷத்தில் கேலி தேய்ந்து முகவரி ஆகிவிட்டது.

அக்கா இப்போது எழுபதைத் தாண்டிவிட்டாள். அண்ணன் இல்லை. கள்ளிக்குப்பம் 2011இலிருந்து சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது. தெருவில் பழைய வீடுகளை எண்ணிவிடலாம். அண்ணன் பிள்ளைகள் ஒரு பில்டரைப் பிடித்திருக்கிறார்கள். அவருக்கு மூன்று மனையும் சேர்ந்து வேண்டும், தனித்தனியாக என்றால் கட்டுப்படியாகாது. என் கையெழுத்துக்கும் அக்காவின் கையெழுத்துக்கும் காத்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். ‘அத்தைய நாங்க பாத்துக்கறோம், அவங்களுக்கு என்ன கவலை’ என்கிறார்கள். காப்போம், ஊட்டுவோம் என்கிறார்கள். வாசகம் மாறவே இல்லை. அக்கா காகிதங்களை வாங்கி வைத்திருக்கிறாள், கையெழுத்துப் போடவில்லை. ‘இங்க இருக்கற பொண்ணுங்க எங்க போவாங்கன்னு அதுல எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?’ என்று மட்டும் என்னைக் கேட்டாள். நான் தேடிப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை. அவள் போடாமல் நான் போடுவதாக இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னோடு பேசுவது குறைந்திருக்கிறது.

இந்தக் காகிதங்களுக்குப் பிறகு வேடல் கல்வெட்டு எனக்கு முன்போலப் படிக்கக் கிடைக்கவில்லை. சமணம் பெண்களுக்கு எவ்வளவு இடம் கொடுத்தது என்பதற்கான சான்றாக அதைக் காட்டுவது வழக்கம். நியாயம்தான். திகம்பர மரபில் பெண் உடலோடு வீடுபேறு கிடையாது என்பது கொள்கை. அதற்கு எதிராகப் பெண்ணுக்கும் உண்டு என்று வாதித்தவர்கள் யாப்பனீயர். அவர்களில் சாகடாயனர் பெண்ணின் வீடுபேற்றைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். ராஷ்டிரகூட அமோகவர்ஷன் காலத்தவர், அதாவது வேடல் கல்வெட்டுக்குச் சற்று முந்தியவர். தமிழ்நாட்டில் குரத்தியர் இவ்வளவு ஓங்கியிருந்ததற்கு யாப்பனீயரின் செல்வாக்குக் காரணமாகலாம் என்று தேசாய் கருதினார். இருக்கலாம். வீடுபேறு என்கிற சொல்லில் வீடு இருப்பதைப் பற்றி நம் உரைகாரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். விடுதல் என்பது வேர். மோட்சத்தில் பெண்ணுக்குப் பங்கு உண்டா என்று சாகடாயனர் வாதாடிய நூற்றாண்டில், வேடலில் கேள்வி இன்னும் கீழே, தரையில் இருந்தது. பள்ளியில் பங்கு உண்டா? கல்லில் பேசுகிறவர்கள் ஊட்டுகிறவர்கள். உறுதி அவர்களுடையது. அன்பானவர்கள் என்பதில் சந்தேகமில்லை; 400 பேருக்குச் சோறு போடுவதாகக் கல்லில் எழுதிக் கொடுப்பது சாமானியமல்ல. ஆனால் அந்த அன்பு நின்றுபோன அன்று என்ன ஆகும் என்பதற்குக் கல்லில் இடமில்லை.

குமரி மாவட்டத்துச் சிதறாலில் இன்னொரு கல்வெட்டு இருக்கிறது. அந்த மலை பழைய திருச்சாரணத்து மலை; பாறையில் தீர்த்தங்கரர்கள், பிற்காலத்தில் பகவதி கோயிலாகிவிட்ட குகை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆண்டில், அரிட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்தி அந்த மலையின் பகவதிக்குப் பொன் அணிகள் கொடுத்ததைச் சொல்கிறது அது. வேடலும் இதுவும் காலத்தால் அதிகம் விலகியவை அல்ல. இரண்டிலும் ஒரு பெண், அவளுடைய குரு, அவளுடைய இடம். வேடல் வாக்கியத்தில் குரத்தி செயப்படுபொருள். அவளைக் காக்கிறார்கள், அவளை ஊட்டுகிறார்கள். சிதறால் வாக்கியத்தில் அவள் எழுவாய். துறந்தவளிடம் பொன் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். கொடுக்க வேண்டுமானால் முதலில் தன்னுடையது என்று ஏதாவது இருக்க வேண்டும்.

பொன் போய்விட்டது. இரண்டு பள்ளிகளும் போய்விட்டன. ‘கொடுத்தாள்’ என்கிற வினைமுற்று கல்லில் இருக்கிறது, அவள் பெயரோடு.